குனிந்து ஓட்டுபவர்களுக்கு

கே: புது ரோடு பைக். அரை மணி நேரத்தில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. கையுறை வாங்கட்டுமா? (தாம்பரம்)

ப: முதலில் கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்குங்கள். சீட்டின் மேல் வைத்துப் பாருங்கள். மூக்கு தாழ்ந்திருந்தால் நீங்கள் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள். அந்தப் பாரத்தைச் சுமப்பது கைகள். உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நார் நரம்பு நசுங்கினால் அந்த இரண்டு விரல்களும்தான் மரக்கும். சீட்டை மட்டமாக்குங்கள். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தால் ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றுங்கள். முழங்கையை விறைப்பாக வைக்காதீர்கள். அந்த வளைந்த ஹேண்டில்பாரில் மேலே, பிரேக் தலைப்பில், கீழே என்று மூன்று பிடி இருப்பது அழகுக்கு அல்ல. மாற்றி மாற்றிப் பிடிக்கத்தான். கையுறை அப்புறம்.

கே: சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்கிறாரே கடைக்காரர்? (மதுரை)

ப: முன்பு ஸ்கூட்டர் விற்றவராக இருக்கும். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தொடை இடுக்கில் தடித்த புத்தகம் ஒன்றை இறுக்கி, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6. பெடல் கட்டைகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த உயரம். 1989 டூர் டி பிரான்ஸை 8 வினாடியில் வென்ற கிரெக் லெமாண்ட் பெயரில் வழங்கும் கணக்கு இது. தொடக்கத்துக்குப் போதும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தாதீர்கள்.

கே: மெத்து மெத்தென்று ஜெல் சீட்? (கோவை)

ப: கடைத்தெரு வரை சுகம். அதற்கு மேல் உட்காரும் எலும்புகள் அதில் புதைந்து, நடுவே நசுங்கக் கூடாதது நசுங்கும். எலும்பின் இடைவெளிக்கேற்ற அகலம்தான் முக்கியம்.

கே: பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி? (பெயர் வேண்டாம்)

ப: அதுவும் வேண்டாம். தையல் உரசிப் புண்ணாகும்.

கே: வீரர்களைப் போல நன்றாகக் குனிந்தால் வேகம் கூடுமா? (திருச்சி)

ப: கூடும். ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ கைகளை மார்புக்கடியில் மடக்கி, 1993-இல் ஒரு மணி நேரத்தில் 51.596 கி.மீ. ஓட்டி உலக சாதனை படைத்தார். மறு வருடமே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் அந்த நிலைக்குத் தடை போட்டது. உங்களுக்குத் தொடை வயிற்றில் இடிக்கிறதா? சம்மேளனம் வரத் தேவையில்லை, ஹேண்டில்பாரை உயர்த்துங்கள். புது பைக் என்றால் ஃபோர்க் குழாயை வெட்டக் கடைக்காரர் ரம்பம் எடுக்கும்போது கையைப் பிடித்து நிறுத்துங்கள்; வெட்டிவிட்டால் ஹேண்டில்பாரை உயர்த்த இடமிருக்காது. ஒரு மாதம் ஓட்டிவிட்டு வெட்டிக்கொள்ளலாம்.