ஏற்கெனவே விரிசல் இருந்துச்சு சார்

பிளம்பர் கையில் உடைகிற எந்தப் பொருளும் அவர் வருவதற்கு முன்பே உடைந்ததுதான். வாஷ்பேசினில் ஸ்பேனர் விழும் சத்தம் தெருமுனைக்கே கேட்டிருக்கும். அவரோ குனிந்து பார்த்துவிட்டு, "ஏற்கெனவே விரிசல் இருந்துச்சு சார், இப்பத்தான் வெளிய தெரியுது" என்பார். இத்தனை நாளாக நாம் கவனிக்காததற்கு ஒரு சின்னக் கண்டிப்பும் அந்தக் குரலில் இருக்கும்.

ஏசி மாட்ட வந்தவர் சுவரோடு சேர்த்து உள்ளே ஓடும் குழாயையும் துளைத்தால், குற்றவாளி வீட்டைக் கட்டிய மேஸ்திரி. "இந்த எடத்துல எவனாவது பைப் விடுவானா?" அந்த மேஸ்திரி எந்தக் காலத்திலும் ஊரில் இருப்பதில்லை.

சலவைக்கடை இன்னும் நாகரிகமானது. சாயம் போனால் பொறுப்பல்ல என்று ரசீதின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் முன்கூட்டியே அச்சடித்துத் தந்துவிடும்.

அபூர்வமாக ஒருவர், "உடைச்சிட்டேன்மா, கூலியில கழிச்சுக்குங்க" என்பார். அவரிடம் யாரும் கழிப்பதில்லை, டீயும் கிடைக்கும். இந்தத் தொழில் ரகசியம் மற்றவர்களுக்கு ஏனோ எட்டவில்லை.

சட்டம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆனால், வழக்குப் போட்டபின் ஒழுகும் குழாய்க்கு யாரைக் கூப்பிடுவது?

ஆகவே, வேலை தொடங்குமுன் செல்போனில் நாலு படம் எடுத்து வையுங்கள். வேலைக்கு வந்தவர் பார்க்கும்படியே எடுங்கள்.