அரை மணி நேரக் கடன்: சிங்கப்பூர் உறக்கவியலுக்கு ஒரு முன்னுரை

1981 டிசம்பர் 31 அன்று இரவு பதினொன்றரை மணிக்குச் சிங்கப்பூரின் கடிகாரங்கள் பன்னிரண்டுக்குத் தாவின. இடையில் இருந்திருக்க வேண்டிய முப்பது நிமிடங்களில் இந்தத் தீவில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை, ஒருவரும் இறக்கவில்லை, மாமியார் மருமகள் சண்டை ஒன்றுகூட நடக்கவில்லை. நடந்திருக்க வழியே இல்லை, அந்த அரை மணி நேரமே இல்லையே! மக்களிடமிருந்து வாங்கிய இந்தக் கைமாற்று இன்றுவரை திரும்பவில்லை, வட்டியும் வந்தபாடில்லை. சிங்கப்பூர்த் தமிழரின் கொட்டாவி, கோப்பி, குயில்மேல் உள்ள கோபம் ஆகிய மூன்றும் இந்தக் கடனிலிருந்தே கிளைத்தவை என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் கணக்கு வழக்கு. சூரியனைக் கேட்டால் சிங்கப்பூர் கிரீன்விச்சை விட ஏறத்தாழ 6 மணி 55 நிமிடம் முந்தியிருக்கிறது. 1905இல் அதை 7 மணியாக முழுமைப்படுத்தினார்கள்; ஐந்து நிமிடம்தானே, போகட்டும். 1933இல் மாலை வெளிச்சத்தைக் கூட்டுவதற்காக 20 நிமிடம் கூட்டினார்கள். 1941இல் இன்னொரு 10. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வந்து கடிகாரத்தைத் தோக்கியோவுக்கு ஏற்பத் திருப்பியதில் ஒரே வீச்சில் ஒன்றரை மணி போயிற்று. 1945இல் அது மட்டும் திரும்பக் கிடைத்தது. படையெடுத்து வந்தவன் பிடுங்கியது திரும்பியிருக்கிறது, முறைப்படி சட்டம் போட்டு எடுத்தது திரும்பவில்லை என்பதை வாசகர் கவனிக்க.

முதலில் சொன்ன 1981 டிசம்பர் தாவலுக்குக் காரணம் மலேசியா. தீபகற்பத்தையும் சபா, சரவாக்கையும் ஒரே நேரத்தின்கீழ் கொண்டுவர அது முடிவு செய்தது. ஜொகூர் கடற்பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைத் திருகுவது வியாபாரத்துக்கு ஆகாது என்று சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. நியாயமான முடிவுதான். விளைவு, இங்கே உச்சி வெயில் சராசரியாகப் பகல் ஒன்று ஐந்துக்கு வருகிறது. சூரியன் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டியே எழுகிறது. கால் மணி முன்பின் ஆகலாம். ஆனால் பள்ளி மணி பல இடங்களில் ஏழரைக்கு அடிக்கிறது. இப்படிச் சூரியனோடு ஒத்துப்போகாத நாடு சிங்கப்பூர் மட்டுமன்று. ஸ்பெயின் 1940இல் ஜெர்மனியின் நேரத்துக்கு மாறியது, இன்னும் அதிலேயே இருக்கிறது. ஆனால் ஸ்பானியர்கள் இரவுச் சாப்பாட்டையும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்கள். சிங்கப்பூரர்கள் எதையும் தள்ளவில்லை. தூக்கத்தை மட்டும் வெட்டினார்கள்.

இனி இலக்கணம். அகப்பொருள் நூலார் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுப்பர். ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். வைகறை என்பது இரவு இரண்டிலிருந்து காலை ஆறுவரை. இது சூரியக் கணக்கு. சிங்கப்பூர்க் கடிகாரத்தில் அதுவே மூன்றிலிருந்து ஏழுவரை ஆகிவிடும். எனவே ஆறேகாலுக்குப் புளோக்கின் கீழே பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளை, ஐயத்துக்கு இடமின்றி வைகறையில் நிற்கிறது. வைகறை மருதத்துக்கு உரியது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். காலை ஐந்தே முக்காலுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள்தோறும் தாய்க்கும் பிள்ளைக்கும் நடப்பது அதுவே. மருதத்தின் கருப்பொருளான எருமைக்கு எங்கே போவது என்று கேட்பார்க்கு விடை: பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலையை ஒட்டி மாட்டுத் தொழில் செழித்திருந்தது. தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் பஃபலோ ரோடு இன்றும் இருக்கிறது. திணை மயக்கம் ஏதும் இல்லை.

தூக்கம் எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியில், மணிமேகலை வஞ்சி மாநகரில் கேட்ட சமயக்கணக்கர் வாதத்துக்குச் சற்றும் குறையாத வாதம் தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் நடக்கிறது. எட்டர் எனப்படுவோர் எட்டு மணி நேரம் தூங்காதவன் மனிதனே அல்லன் என்பர். நாலர் நாலு மணி போதும் என்பர். இவர்கள் பெரும்பாலும் மேலதிகாரிகளாகவோ மாமனார்களாகவோ இருப்பது வழக்கம். எட்டருக்கு ஆதாரம் கும்பகர்ணன். அளவு சற்று மிகை என்றாலும் கொள்கை அதுவே. நாலருக்கு ஆதாரம் பதினான்கு ஆண்டு கண்ணிமைக்காத இலக்குவன். கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் நான்கு கலங்களில் ஒன்றாகத் துயிலை வள்ளுவர் 605ஆம் குறளில் வைத்ததையும் நாலர் விடாமல் சொல்வார்கள். அமெரிக்காவில் ராண்டி கார்ட்னர் என்ற பதினேழு வயதுப் பையன் 264 மணி நேரம் விழித்திருந்து 1964 ஜனவரியில் முடித்தானே என்றும் கேட்பார்கள். அதே கார்ட்னர் முதிய வயதில் தூக்கம் வராமல் அவதிப்பட்டதாகச் சொன்னதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

மருத்துவர்கள் எட்டர் பக்கம் சாய்கிறார்கள். பெரியவர்களுக்கு ஏழு மணியாவது, பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து என்பது பொதுவான பரிந்துரை. ஆனால் சிங்கப்பூரில் மிகப் பெரிய சமயம் எட்டருடையதும் இல்லை, நாலருடையதும் இல்லை. வாரம் முழுக்க விழித்திருந்து ஞாயிற்றுக்கிழமை தூங்கித் தீர்த்துவிடலாம் என்கிற ஞாயிற்றார் சமயம்தான் அது. பாவம், அவர்கள் தலையில் இடி விழுந்தது உள்ளூரிலேயே. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் மைக்கல் சீ தலைமையிலான குழு, 15 முதல் 19 வயதுவரையான 56 பேரை ஓரிடத்தில் தங்கவைத்துச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டது. பாதிப்பேருக்கு ஏழு இரவுகள் ஐந்து மணி நேரப் படுக்கை, மீதிப்பேருக்கு ஒன்பது. நாள் ஆக ஆக ஐந்து மணிக்காரர்களின் கவனம் சரிந்துகொண்டே போயிற்று. அதன்பிறகு இரண்டு இரவுகள் ஒன்பது மணி நேரம் படுக்கவிட்டும் அது முழுதாக மீளவில்லை. ஞாயிற்றார் இதை மறுக்கவில்லை. ஞாயிறு மதியம் எழுந்தபிறகு படித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கடனைச் சமாளிக்கும் வழிகளில் தலையாயது கோப்பி. கோப்பிக்கடைக் கொட்டையில் பெரும்பங்கு ரொபஸ்டா. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. கும்பகோணம் டிகிரி காப்பிக்காரர்கள் போற்றும் அராபிகாவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கஃபீன் ரொபஸ்டாவில் உண்டு. உடம்பில் புகுந்த கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்துக்குக் 'கோப்பி-ஓ காவ்' என்னும் கடுங்கோப்பி குடித்தவர் இரவு பத்துக்கு அரைக் குவளையோடு படுக்கிறார். “எனக்கெல்லாம் கோப்பி குடிச்சாத்தான் தூக்கமே வரும்” என்று சொல்லும் அங்கிள் ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் உண்டு. அவரோடு வாதிட வேண்டாம். தூக்கம் வருகிறது என்பதும் நன்றாகத் தூங்குகிறோம் என்பதும் வேறு வேறு என்று விளக்குவதற்குள் இன்னொரு கோப்பி வந்துவிடும்.

ஏசியா மின்விசிறியா என்ற வழக்கை இங்கே சுருக்கமாகவே முடிக்கலாம். குளிரூட்டியை வரலாற்றின் முதன்மையான கண்டுபிடிப்புகளில் ஒன்றாகப் புகழ்ந்த லீ குவான் இயூ, பிரதமரானதும் செய்த முதற்காரியங்களில் ஒன்று அரசு அலுவலகங்களில் அதைப் பொருத்தியது. ஆக, இந்த நாட்டில் ஏசி முதலில் வந்தது விழித்திருந்து வேலை செய்வதற்குத்தான். தூங்குவதற்கு அது வந்தது பிற்பாடு. 'ஏசி போட்டால் கைகால் பிடிக்கும்' என்னும் பாட்டிமார் கட்சி இதை அறிந்தால் மகிழும்.

இனிக் குயில். இவ்வாய்வின் கடினமான பகுதி இது. பாரதி ஒரு காவியத்தையே குயிலுக்குக் கொடுத்தார். சிங்கப்பூரில் அதே பறவைக்குக் கிடைப்பது புகார் மனு. ஆசியக் குயில் இங்கே பெருகியது காகங்கள் பெருகியதால். காகத்தின் கூட்டில்தானே அது முட்டையிடும்! இணை தேடும் ஆண் விடியுமுன்பே தொடங்கி, ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஏற்றிக்கொண்டே போகும். பன்னிரண்டாம் மாடியில் படுத்திருப்பவருக்கு அது தலையணைக்குப் பக்கத்தில் கூவுவதுபோலவே இருக்கும், ஏனென்றால் அவருடைய சன்னல் திறந்திருக்கிறது. அக்கம்பக்க இரைச்சலை ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு, இரவு பத்திலிருந்து காலை எட்டுவரை அமைதி வேண்டும் என்று 2022இல் பரிந்துரைத்தது. குயிலுக்கு நகல் அனுப்பப்படவில்லை. நியாயத்தையும் சொல்லியாக வேண்டும்: பழைய நேரமாக இருந்தால் நாலரைக்குக் கேட்க வேண்டிய கூவல், இப்போது கடிகாரத்தில் ஐந்துக்குக் கேட்கிறது. கடனில் அரை மணியை நமக்குத் திருப்பித் தந்த ஒரே உயிர் குயில்தான். அதைத்தான் திட்டுகிறோம்.

சேவலுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். 2017 தொடக்கத்தில் சின் மிங் வட்டாரத்தில் சுற்றித்திரிந்த 24 கோழிகளை அதிகாரிகள் பிடித்துக் கொன்றார்கள். முதலில் சொன்ன காரணம், சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்பாளர் இருபது பேர் கொடுத்த புகார். ஊரே கொதித்தெழுந்ததும், உண்மைக் கவலை பறவைக் காய்ச்சல்தான் என்று நாடாளுமன்றத்தில் விளக்கம் வந்தது. சேவற்கொடியோனுக்கு டேங்க் ரோட்டில் கோயில் கட்டி வைத்திருக்கும் நகரம் இது.

அந்தக் கோயிலை நோக்கித்தான் ஆண்டுதோறும் ஒருநாள் தமிழர்கள் தாங்களே விரும்பித் தூக்கத்தைத் துறக்கிறார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய இரவு, நள்ளிரவை ஒட்டிச் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பால்குடங்கள் புறப்படும். நடை சுமார் நாலு கிலோமீட்டர். 1968இல் பொதுவிடுமுறைப் பட்டியலிலிருந்து தைப்பூசம் எடுக்கப்பட்டது. அதனால் விடிய விடியக் காவடியோடு நடந்தவர் காலையில் விடுப்பு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இரண்டாவதைச் செய்தவரை எம்ஆர்டி ரயிலில் சுலபமாக அடையாளம் காணலாம்: நெற்றியில் திருநீறு, தலை பக்கத்து ஆள் தோளில்.

எம்ஆர்டியில் சாப்பிட்டால் 500 வெள்ளி அபராதம். டுரியான் கொண்டுவரக் கூடாது. தூங்குவதற்கு அபராதம் இல்லை. எனவே நாட்டின் முதன்மையான உறங்குமிடமாக ரயிலை இவ்வாய்வு முன்மொழிகிறது. சிக்கல் ஒன்றுதான்: முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்கிய இருக்கையில் கண்ணை மூடியிருக்கும் இளைஞன் தூங்குகிறானா, நடிக்கிறானா? எழுந்து இடம் கொடுக்கச் சொல்லி ‘ஸ்டாண்ட்-அப் ஸ்டேசி’ என்ற கேலிச்சித்திரப் பெண்ணைப் போக்குவரத்து ஆணையம் சுவரெங்கும் ஒட்டிப் பார்த்தது. கண் மூடியிருப்பவன் சுவரொட்டியை எப்படிப் பார்ப்பான்? நம்பகமான சோதனை ஒன்றே. வடகிழக்குத் தடத்தில் ஃபேரர் பார்க்கும் லிட்டில் இந்தியாவும் கடந்து டோபி காட்டில் கதவு திறந்த நொடியில் துள்ளி எழுந்தால் நடிப்பு. ஹார்பர்ஃபிரண்டில் ரயில் காலியானபின் ஊழியர் தட்டி எழுப்பினால் மெய்.

வேடிக்கையாகப் பேச முடியாத தூக்கமும் இங்கே உண்டு. தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர்களில் பலர் இருட்டு விலகுமுன் எழுந்து, லாரியின் பின்தட்டில் அமர்ந்து வேலையிடம் போகிறார்கள். நாலர் சமயத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சமைக்கவும் துவைக்கவும் ஊருக்குப் பேசவும் போக மிஞ்சுவது அவ்வளவுதான். 2021இல் அறிவித்த புதிய விடுதித் தரவிதிகள் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, கட்டில்களுக்கிடையே ஒரு மீட்டர் வேண்டும் என்கின்றன. பெருந்தொற்று வந்த பின்தான் கட்டில்களுக்கிடையே அளவுகோல் போயிற்று. நண்பகலில் புளோக்கின் கீழ்த்தளத்தில் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து அவர்கள் படுத்திருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் புல்தரையில் படுத்திருப்பதைப் பற்றியும் முணுமுணுப்பு உண்டு. சூரியன் சரியாகத் தலைக்குமேல் இருக்கும் நேரத்தில் ஓய்வெடுக்கும் இவர்களைத் தவிர, இந்தத் தீவில் வேறு யாரும் வெப்பமண்டலத்துக்கேற்ப வாழவில்லை என்பது இவ்வாய்வின் கருத்து.

கடனைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? இதற்கு ஊகம் தேவையில்லை; சோதனையே நடந்திருக்கிறது. நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் தொடக்க நேரத்தை ஏழரையிலிருந்து எட்டேகாலுக்குத் தள்ளியது, முழுசாக 45 நிமிடம். ஒரு மாதம் கழித்து அதே டியூக்-என்யுஎஸ் ஆய்வுக்குழு பார்த்தபோது மாணவிகள் படுக்கையில் கழிக்கும் நேரம் 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதம் கழித்து அளந்தபோது உறக்கத்தில் எஞ்சிய லாபம் 10 நிமிடம். அதற்கே தூக்கக் கலக்கம் குறைந்திருந்தது, மனநலமும் மேம்பட்டிருந்தது.

இந்த விகிதத்தைக் கடனுக்குப் பொருத்தினால், நாளையே அரை மணி திரும்பி வந்தாலும் தலைக்கு ஏறத்தாழ ஏழு நிமிடம்தான் தூக்கமாகும். மீதி 23 நிமிடம் துணைப்பாட வகுப்புக்கும் கைப்பேசிக்கும் கோப்பிக்கடை வரிசைக்கும் போய்ச்சேரும். ஏழு நிமிடம் வெற்றி என்று எட்டர் அறிவிப்பார்கள். 23 நிமிடம் வெற்றி என்று நாலர் அறிவிப்பார்கள். ஞாயிற்றார் வாரத்துக்கு மூன்றரை மணியாகச் சேர்த்து ஒரே நாளில் தரச் சொல்லி மனுப் போடுவார்கள்.