எண்ணூறுக்கு ஆயுசு எவ்வளவு?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மாருதி 800 பற்றியவை. 2014 ஜனவரியோடு அந்த வண்டி தயாரிப்பு நின்றுவிட்டது. பழநி ரோட்டில் அது இன்னும் நிற்கவில்லை, முருங்கைக்கட்டு ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

என்னுடையது 2003 மாடல். திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் சூடேறிவிடுகிறது. என்ஜினை இறக்க வேண்டும், 25 ஆயிரம் ஆகும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?
*விவசாயி, ரெட்டியார்சத்திரம்*

என்ஜினை இறக்கும் முன் பானட்டைத் தூக்குங்கள். ரேடியேட்டருக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? தோட்டத்துப் போர் தண்ணீர் என்றால் நோய் பாதி தெரிந்துவிட்டது. பருப்பு வேகாத தண்ணீர் ரேடியேட்டருக்கும் ஆகாது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிந்து வழியை அடைக்கும்.

எப்போது சூடேறுகிறது என்று கவனியுங்கள். ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் மேல் சந்தேகப்படுங்கள். ஃபேன் சுவிட்ச், ரிலே, வயர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சுவிட்ச் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். ஓட ஓட ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று வரிசையாகப் பாருங்கள். வெளியே ஒழுக்கு இல்லாமலே தண்ணீர் குறைகிறதா, ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளையாக இருக்கிறதா? அப்போதுதான் ஹெட் கேஸ்கெட் பேச்சு. ஹெட் அலுமினியம் என்பதால் அதிகச் சூட்டில் வளைந்துவிடும். பிறகு லேத்துக்குக் கொடுத்துச் சீவி, கேஸ்கெட் மாற்றி, லேபரோடு ஆயிரக்கணக்கில் செலவு. சூடு முள் மேலே போனதும் வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் வராது. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடாக இருக்கும்போது திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துவிடும்.

நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள். சரியா?
*கன்னிவாடி வாசகர்*

தவறு. கழற்றினால் என்ஜின் அதற்குரிய சூட்டை எட்டவே நேரமாகும், பெட்ரோலை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். ரேடியேட்டர் அடைப்பைச் சரிசெய்யாமல் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்குவது, காய்ச்சல் வந்தவனுக்கு மருந்து தராமல் சட்டையைக் கழற்றுவது போல. திரும்பப் போடச் சொல்லுங்கள்.

1998 கார்புரேட்டர் வண்டி. ஆறு மாதமாக இழுக்கவில்லை, மைலேஜும் போச்சு. பெட்ரோல் வாடை வேறு வருகிறது.
*ஆசிரியை, திண்டுக்கல்*

அம்மா, வாடை வந்தால் அன்றைக்கே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போங்கள், தள்ளிப் போடாதீர்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் வாடைக்குக் காரணம் வேறு. உங்கள் வண்டி பிறந்தபோது இந்தக் கலவை கிடையாது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் டயஃப்ரமும் எத்தனாலில் ஊறி உப்பும், வெடிக்கும். ஹோஸ், கிளிப், ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து புது கிட் போடுங்கள். ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று கடையில் கேட்டே வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிட வேண்டாம்.

டைமிங் பெல்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மாற்றச் சொல்கிறார்களே?
*வேடசந்தூர் வாசகர்*

எப்போது மாற்றியது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் உடனே மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். டென்ஷனரையும், ஒழுகும் ஆயில் சீலையும் அதோடு சேர்த்தே முடித்துவிட்டால் ஒரே லேபரில் போகும்.

சிறுமலை இறங்கும்போது பிரேக் தொய்கிறது.
*நத்தம் வாசகர்*

பதினெட்டு கொண்டை ஊசியும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் எந்த வண்டிக்கும் தொய்யும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எதை ஒத்திப்போட்டாலும் பிரேக்கை மட்டும் ஒத்திப்போடாதீர்கள்.

பதினைந்து வருடம் ஆனால் உடைக்கக் கொடுக்க வேண்டுமாமே?
*பலர்*

அது டெல்லிக்கு வந்த உத்தரவு. இங்கே வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டித் தேறினால் ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. புதுப்பித்துத் தருவார்கள். கட்டணம்தான் ஏறிவிட்டது. 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. வருடத்துக்கு இரண்டாயிரம் என்று பிரித்துப் பார்த்தாலும், மகசூலுக்கு விலை கிடைக்காத வருடத்தில் சிறு விவசாயிக்கு அது பாரம். நன்றாக வைத்திருக்கும் வண்டிக்கும் வயதை மட்டும் பார்த்துக் கட்டணம் போடுவது நியாயம் இல்லை என்பதே என் கருத்து.

30 ஆயிரத்துக்கு ஒரு 800 வருகிறது. என்ஜின் தேன் மாதிரி ஓடுகிறது. வாங்கலாமா?
*கல்லூரி மாணவர், ரெட்டியார்சத்திரம்*

தம்பி, காதை விட்டுவிட்டுக் கண்ணை நம்பு. என்ஜினுக்குப் பாகம் இன்றும் திண்டுக்கல்லிலேயே கிடைக்கும், கிடைக்காதது சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். பாடியைத் தின்னும் துருவுக்குப் புது பாகம் கிடையாது. வெட்டி, வெல்டிங் வைத்து, டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று போனால் வண்டி விலையைத் தாண்டிவிடும். 1983 டிசம்பரில் இந்திரா காந்தி கையால் சாவி கொடுத்த முதல் 800 கூட, உரிமையாளர் ஹர்பால் சிங் 2010-ல் காலமான பிறகு டெல்லி வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்து நின்றது. பிறகு மாருதி நிறுவனமே அதைச் செப்பனிட்டுத் தன் தலைமையகத்தில் வைத்தது. நமக்கு அப்படிச் செப்பனிட்டுத் தர யாரும் வர மாட்டார்கள்.

கால்மிதியைத் தூக்கித் தரையைப் பார். பேட்டரிக்கு அடியில், கதவுக்குக் கீழே, பின் சக்கர வளைவுக்குள் விரலால் அழுத்திப் பார். உதிர்ந்தால் 10 ஆயிரத்துக்குத் தந்தாலும் வேண்டாம். உதிராவிட்டால் ஆர்.சி. எந்த வருடம் வரை இருக்கிறது என்று பார்த்து, புதுப்பிக்கும் கட்டணத்தை விலையில் கழித்துக் கேள்.