சத்தம் வேறு, சக்தி வேறு

கேள்வி: ஹார்லி டேவிட்சன் ட்வின் கேம் 88 வண்டிக்குப் புது சைலன்ஸர் மாட்டினேன். சத்தம்தான் கூடியது, இழுவை கூடவில்லையே?

பதில்: தெருவை எழுப்பிவிட்டீர்கள், எஞ்சினை இன்னும் எழுப்பவில்லை! புகை வெளியேறினால் மட்டும் போதாது; காற்றும் தாராளமாக உள்ளே வர வேண்டும். ஏர் ஃபில்டர், கேம்ஷாஃப்ட், சைலன்ஸர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் கலவை மெலிந்து சூடேறும். காற்று குறைவாகப் படும் பின் சிலிண்டர்தான் முதலில் வேகும். இன்னும் ஆசையா? பெரிய சிலிண்டர் போட்டு 1,450 சிசியை 1,550 ஆக்கலாம். ஆனால் தயவுசெய்து அதற்குமுன் கேம் செயின் டென்ஷனரைக் கழற்றிப் பாருங்கள். அந்த எஞ்சினில் அது தேய்கிற ஜாதி. உதிரும் துகள் ஆயில் பம்பையே கெடுத்துவிடும்.