புதுக்கோட்டைச் சீமையில் விலங்குகளின் பல்: ஒரு முன்னோடி ஆய்வு

விலங்குகளின் பல்லைப் பேணுவதில் புதுக்கோட்டை மாவட்டம் பின்தங்கியிருக்கிறது என்று இதுவரை எவரும் குற்றம்சாட்டவில்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு. கருதுகோள் எளியது: இம்மாவட்டத்தார் விலங்கின் வாயைப் பிடித்துப் பார்ப்பதில் வல்லவர்கள், பார்த்த வாயைக் கழுவும் எண்ணம் மட்டும் எழுந்ததில்லை.

முதற் சான்று மாடு. அதற்கு மேல்வாயின் முன்பக்கம் பல்லே கிடையாது, தடித்த ஈறுதான். கீழ்வாயில் எட்டு. இரண்டு வயதையொட்டி நடுவிலுள்ள பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். பிறகு சோடி சோடியாக மாறி, நாலு, நாலரை வயதில் கடைசிச் சோடியும் வந்துவிடும். சந்தையில் தரகர் ‘ரெண்டு பல்லு’, ‘நாலு பல்லு’ என்பது வயதைத்தான். உதட்டை விலக்குவார், எண்ணுவார், கையைத் துண்டில் துடைப்பார். அதே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். பல் ஊருக்கே தெரியும், விலை இருவருக்கு மட்டும்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதென்பது பழமொழி. இதனால் 2011இல் அரசு தொடங்கிய விலையில்லா ஆடு, கறவை மாடு திட்டத்துப் பயனாளிகளிடம் தரவு திரட்ட இயலவில்லை.

ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு இம்மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில் என்பது வழக்கம். விராலிமலையிலோ 2019 ஜனவரி 20 அன்று உலக சாதனைக்கென்று 1,300க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்தார்கள். எட்டால் பெருக்கினால் பத்தாயிரத்துச் சொச்சம் முன்பற்கள். காளைக்கு நடைப்பயிற்சி உண்டு, நீச்சல் உண்டு, பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் உண்டு. பல்லுக்கு ஒன்றுமில்லை. நாளெல்லாம் வைக்கோலை அசைபோடும் வாய்க்குப் பிரஷ் வேண்டியதில்லை என்பதால் மன்னிக்கலாம்.

இரண்டாம் சான்று, நமணசமுத்திரம் போன்ற ஊர்களில் வரிசைகட்டி நிற்கும் ஐயனாரின் சுடுமண் குதிரைகள். புரவி எடுப்புத் திருவிழா வரும்போது குயவரான வேளார் புதுக் குதிரையே செய்து தந்துவிடுவதால் ஈறுநோய்க்கு அவகாசமில்லை.

மூன்றாவது நாய். அதற்கு 42 பற்கள். இங்கே அவை எண்ணப்படுவது நமது ஆடுசதையில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை பல் பதிந்தது என்று கேட்பார்கள்; கடித்த நாயின் ஈறு எப்படி இருந்தது என்று கேட்டவர் இல்லை. ஆனால் விஷயமே ஈற்றில்தான் இருக்கிறது. நாய்க்குச் சொத்தைப்பல் அரிது, அதன் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அந்தக் காரமே பல்லில் படியும் அழுக்கைச் சீக்கிரம் காரையாக இறுக்கும். காரை ஏற ஏற ஈறு வீங்கி, பின்வாங்கி, பல் ஆடத் தொடங்கும். மூன்று வயது கடந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு இது ஓரளவாவது இருக்கும். வாய்நாற்றத்தை ‘நாயின்னா அப்படித்தான்’ என்று தள்ளிவிடுவது பிழை. கறிக்கடை எலும்பு பல்லைச் சுத்தமாக்கும் என்பதும் பாதிதான் சரி. கெட்டி எலும்பு கடைவாய்ப்பல்லையே பிளந்துவிடும். நம் பற்பசையோ கூடவே கூடாது. சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாயின் ரத்தச் சர்க்கரையைச் சரித்து உயிரையே பறிக்கக்கூடியது.

களப்பணிக்கு மச்சான் வீட்டு நாயும், விரலில் மாட்டும் ரப்பர் பிரஷும், கோழிச் சுவையில் நாய்க்கென்றே வரும் பற்பசையும் பயன்பட்டன. பல்லின் வெளிப்பக்கத்தைத் தேய்த்தாலே பெரும்பாலும் போதும், உட்பக்கத்தை நாக்கு பார்த்துக்கொள்ளும் என்பது மருத்துவர்கள் தரும் ஆறுதல். நாய் பசையை நக்கித் தின்றுவிட்டுப் பிரஷையும் கேட்டது. திண்ணையிலிருந்து அப்பத்தா சொன்னார்: “ஏம்ப்பா, ஒங்கப்பாரு ரெண்டு நாளாப் பல்லு வலின்னு படுத்துக் கெடக்காரு, நீ இதுக்கு வெளக்கிவிடுறியாக்கும்?” சக ஆய்வாளர் மதிப்புரை என இவ்வாய்வுக்குக் கிடைத்தது இது ஒன்றே.

பூனைக்கு முப்பது பற்கள். அதன் வாயைத் திறந்து பிடிக்கும் ஆய்வு உதவியாளர் பணியிடம் காலியாக உள்ளது. கையுறையை விண்ணப்பதாரரே கொண்டுவர வேண்டும்.