சுண்டலும் சீடையும்

1983இல் செங்கல்பட்டில் விலங்கியல் படித்தபோது, எங்கள் பரிணாம ஆய்வுக்கூடம் ஒரு மஞ்சள் பைதான். உள்ளே சிவப்புக் காராமணியும் வெள்ளைக் காராமணியும் சரிபாதி. கண்ணை மூடி 20 எடுக்க வேண்டும். அதில் சிவப்பு 13 வந்தால், அடுத்த தலைமுறைக்குப் பையை 13க்கு 7 என்று நிரப்ப வேண்டும். மரபியலாளர்கள் ஃபிஷரும் ரைட்டும் 1930, 31இல் எழுதிய கணக்கின் ஏழை வீட்டுப் பதிப்பு அது. எந்த நிறத்துக்கும் எந்தச் சிறப்பும் கிடையாது. குருட்டு அதிர்ஷ்டத்திலேயே ஒன்று காணாமல் போகும். 12 தலைமுறைக்கு ஒரு மத்தியானம் பிடிக்கும். சாயங்காலம் அட்டெண்டர் அண்ணன் மொத்தக் குடிகளையும் வேகவைத்துத் தாளித்துவிடுவார்.

மறு வாரம் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து வடநெம்மேலி போனோம். ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை. சுவரோரம் நின்று பேராசிரியர் சொன்னார்: “ஒரு குளத்துல எப்பவும் 10 முதலைதான்னு வெச்சுக்குங்க. தலைமுறைக்குத் தலைமுறை மரபு வேறுபாட்டுல 20இல் 1 பங்கு கரையும். 14 தலைமுறையில பாதிதான் மிஞ்சும்.” ஒரு முதலை பருவத்துக்கு வரவே ஏழெட்டு வருஷம் ஆகும் என்றும் சொன்னார். நாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். முதலை பார்க்கவில்லை.

போன மாதம், மாமல்லபுரத்தில் ஒரு காபிக் கடை. தம்பி மகள் மடிக்கணினியைத் திறந்தாள். பரிணாமத்தைக் கணினியில் ஓட்டிப்பார்க்கும் ஸ்லிம் என்ற மென்பொருள். 2013இல் வந்தது, இலவசம். காபி ஆறுவதற்குள் பத்தாயிரம் தலைமுறை பிறந்து, பெற்று, செத்துவிட்டது.

“இதுல யாரு யாரை வேணும்னாலும் கட்டிக்கலாம், பெரியப்பா. ரேண்டம் மேட்டிங்.”

“நம்ம வீட்டுலயா?”

நான் கட்டியது மாமன் மகளை. என் பிள்ளைகளிடம் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதைப் பிரதியின் நகல்களாக இருக்க 16இல் 1 வாய்ப்பு.

“அதையும் கோட்ல எழுதிடலாம்” என்றாள். தரகரையும் ஜாதகத்தையும் எழுத முடியுமா என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு தடவை ஓட்டினாள். முடிவு வேறாக வந்தது. நான் திகைத்தேன்.

“பயப்படாதீங்க, சீடைக் குறிச்சு வெச்சிருக்கேன்.”

எனக்குக் கோகுலாஷ்டமி ஞாபகம் வந்தது. அவள் சொன்னது தற்செயலைத் தொடங்கிவைக்கும் விதை எண். அதே எண்ணைக் கொடுத்தால் அதே தற்செயல் அட்சரம் பிசகாமல் திரும்ப வருமாம்.

எங்கள் 12 தலைமுறையை இனி யார் சரிபார்ப்பது? விதையைத்தான் அன்றைக்கே சுண்டலாக்கித் தின்றுவிட்டோமே.