சிறுநீரகம்: ஒரு செய்முறை விளக்கம்

உடலைப் பற்றிப் படம் போட்டுச் சொன்னால் போதாது, பிள்ளைகள் கையால் செய்து பார்த்துப் படிக்க வேண்டும், அப்போதுதான் நல்ல பழக்கம் ஒட்டும் என்று கல்வியாளர்கள் மன்றாடுகிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, உள்ளே பலூன் கட்டினால் நுரையீரலாம். புனலில் ரப்பர் குழாயைச் செருகினால் ஸ்டெதஸ்கோப்பாம். ஒரு நிமிடம் குதித்துவிட்டு மணிக்கட்டில் நாடியை எண்ணினால் இதயம் என்ன பாடுபடுகிறது என்று தெரிந்துவிடுமாம். பாவம், ஊர் நிலவரம் அறியாதவர்கள். நம் பிள்ளைகள் காலையில் பள்ளி வாசலை மிதித்தது முதல் மாலை நாலு மணி வரை செய்முறையில்தானே இருக்கிறார்கள்!

சிறுநீரகப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் அவரை விதை வடிவத்தில் ஒரு படம். பாகம் குறித்தால் மார்க். பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் சிறுநீர்ப்பை எத்தனை மில்லி லிட்டர் தாங்கும் என்று தெரியும். இது மருத்துவர்களின் தோராயக் கணக்கு. பத்து வயதுக்கு 330. இதை எந்த ஆசிரியரும் சொல்லித்தரத் தேவையில்லை; அடக்கி அடக்கியே பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். கழிப்பறையில் குழாய் இருக்கும், தண்ணீர் வராது. தண்ணீர் வந்தால் தாழ்ப்பாள் இருக்காது. இரண்டும் இருந்தால் பூட்டியிருக்கும். சாவி ஆசிரியர் அறையில் ஆணியில் தொங்கும், அது ‘ஸ்டாஃப்’ கழிப்பறை. ஆகவே ஐந்தாம் வகுப்புச் சிறுமி தானே ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருகிறாள்: குடித்தால்தானே போக வேண்டும், குடிக்காதே. அம்மா நிரப்பிக் கொடுத்த பாட்டில் நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்புகிறது. ராத்திரி நீர்க்கடுப்பில் துடிக்கிறாள். “உடம்புச் சூடு” என்று பாட்டி வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுக்கிறாள். தேர்வில் அந்தப் பிள்ளைக்குச் சிறுநீரகப் படத்தில் முழு மார்க்.

அரசு சும்மா இருக்குமா? பிள்ளைகள் தண்ணீர் குடிக்கத் தமிழ்நாட்டில் 2025-இல் ‘வாட்டர் பெல்’ வந்தது. நல்ல திட்டம், கேலி செய்ய மாட்டேன். தண்ணீர் உள்ளே போக மணி அடித்துவிட்டார்கள். வெளியே போவதற்கான மணி எந்தக் கோப்பில் தூங்குகிறது என்றுதான் கேட்கிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் 2009-இலேயே சொல்லியாயிற்று. 2012-இல் உச்ச நீதிமன்றம் ஆறு மாதக் கெடுவும் வைத்தது. சுவர் எழும்பியது, ஓவியம் வரைந்தாயிற்று, பதிவேட்டில் ‘உள்ளது’ என்று டிக் விழுந்தது. அந்த டிக்குக்குள் போய் யாரும் குந்த முடியாது.

அக்டோபர் 15 உலகக் கைகழுவும் நாள். வரிசையில் நின்று, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று எல்லாப் படிநிலைகளையும் காற்றிலேயே தேய்த்துக் காட்டுகிறார்கள். போட்டோ எடுத்து ஏற்றியாயிற்று; கிருமி செத்ததோ இல்லையோ, மேலதிகாரி திருப்தி. நாடி எண்ணும் சோதனைக்கு விளையாட்டு நேரம் வேண்டும். அதைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிப் பல வருடம் ஆகிறது, வட்டிகூடத் தரவில்லை.

ஆய்வகத்து எலும்புக்கூட்டை மட்டும் மறக்கக் கூடாது. கண்ணாடி பீரோவுக்குள் பத்திரமாக நிற்கிறது, யாரும் தொடக் கூடாது. பள்ளியில் அந்தத் தடை பலிக்கும் ஒரே உடம்பு அதுதான். மற்ற உடம்புகளைத் தொடக் கூடாதென்று சட்டம் சொல்லியும் பிரம்புக்கு அது கேட்பதில்லை.

செய்முறைக் கல்வியின் உச்சத்தை 2022-இல் ஈரோடு மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்று தொட்டது. அங்கே பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்தார்கள். ஒரு பையனுக்கு டெங்கு வந்து, கொசு எங்கே கடித்தது என்று வீட்டில் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தலைமை ஆசிரியை கைதானார். சுகாதாரத்தைக் கையால் செய்து கற்க வேண்டும் என்பது சரி. யாருடைய கை என்பதை மட்டும் பாடத்திட்டக் குழு முடிவு செய்யவில்லை. அதை இந்த ஊர் எப்போதோ முடிவு செய்து வைத்திருக்கிறது. ஆய்வகத்துக்குப் பணமில்லை என்பவர்கள் அந்தக் கைக்குப் பிளீச்சிங் பவுடர் வாங்கித் தரத் தவறுவதில்லை.

பெண் உடலின் பாடம் வந்தால் வகுப்பறையில் வேகம் பிறக்கும். “இதை வீட்டில் படிச்சுக்குங்க” என்று நாலு பக்கம் ஒரே புரட்டு. நாப்கின் இலவசமாகக் கொடுக்க ‘புதுயுகம்’ திட்டம் உண்டு; மாற்றுவதற்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள இடம் அந்தப் பாக்கெட்டுக்குள் வைக்கப்படவில்லை.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பு மாணவி பருவமெய்தினாள். முழு ஆண்டுத் தேர்வை அவள் வகுப்பறைக்கு வெளியே, படியில் உட்கார்ந்து எழுதினாள். தனியாக உட்கார வைக்கச் சொல்லி வீட்டார்தான் கேட்டார்கள் என்றது பள்ளித் தரப்பு. வெளியே வைக்கச் சொல்லவில்லை என்றார் தாய். படம் ஊரெல்லாம் பரவிய பிறகு தலைமை ஆசிரியை இடைநீக்கம் செய்யப்பட்டார். தமிழ்நாட்டு எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் வளரிளம் பருவம் ஒரு முழுப் பாடம்: ஹார்மோன், மாதவிடாய்ச் சுழற்சி, தன்சுத்தம் எல்லாம் அதில் இருக்கின்றன. படியில் உட்கார்ந்து அவள் எழுதிய தேர்வுகளில் ஒன்று அறிவியல். அதில் தோற்றவர்கள் எல்லோரும் உள்ளே, மின்விசிறிக்குக் கீழே, மேற்பார்வையாளர் நாற்காலியில் இருந்தார்கள்.